பசியோடு இருந்தேன், எடை மட்டும் குறையவில்லை

"ஏழு நாளைக்கு எதையும் மாத்த வேண்டாம். வாயில போறது எல்லாத்தையும் இந்த நோட்டுல எழுதிட்டு வாங்க, அது போதும்" என்றார் அந்த உணவியல் ஆலோசகர். எனக்கு வருத்தமாகிவிட்டது. இரண்டரை ஆண்டுகளாக என்னென்னவோ செய்து பார்த்துக் களைத்துப் போய் வந்திருக்கிறேன், இவர் என்னை நம்பவில்லையே என்று தோன்றியது. குறைவாகத்தான் சாப்பிடுகிறேன் என்று நான் அவரிடம் சொன்னது பொய்யில்லை. மனதார அப்படித்தான் நம்பினேன். பகல் முழுக்கக் காய்ந்த வயிறோடு இருக்கிற ஒருத்தி வேறு என்ன நினைப்பாள்?

பசியோடு இருப்பதும் குறைவாகச் சாப்பிடுவதும் ஒன்றல்ல என்பதை அந்த நோட்டுதான் எனக்குக் காட்டியது. இது தெரியாமல் நான் இழந்தது இரண்டரை ஆண்டு. இப்போது இதே சுழலில் மாட்டிக்கொண்டு "எனக்கு மட்டும் ஏன் குறைய மாட்டேங்குது" என்று அழுகிறவர்களைப் பார்க்கும்போது என் பழைய முகம்தான் தெரிகிறது. அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் முயற்சியை 38 வயதில் தொடங்கினேன். அப்போது எடை 86 கிலோ, உயரம் 161 சென்டிமீட்டர். காலையில் ஒன்றும் கிடையாது, மதியம் ஒரு கிண்ணம் காய்கறி சூப், மாலையில் பழம், இரவில் மறுபடி சூப். முதல் வாரத்திலேயே 3 கிலோ குறைந்துவிட்டது. அந்த வாரம் எனக்கிருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இரண்டாவது வாரம் 700 கிராம் குறைந்தது. மூன்றாவது வாரம் 200 கிராம். நான்காவது வாரம் 300 கிராம் ஏறியிருந்தது. அன்றோடு விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

அந்த முதல் வார 3 கிலோ எதனால் குறைந்தது என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் நான் அப்படி ஏமாந்திருக்க மாட்டேன். உடல், மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாக மாற்றித் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கிறது. ஆளைப் பொறுத்து அது அரைக் கிலோ வரை இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்கியிருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று வெட்டினால் முதலில் காலியாவது இந்தச் சேமிப்பும் அதோடு இருக்கிற தண்ணீரும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஒரே வாரத்தில் 3 கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் 23,000 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். என் உடல் பதினொரு நாளில் செலவழிக்கும் மொத்தக் கலோரியை விட அது அதிகம். ஒன்றுமே சாப்பிடாமல் படுத்திருந்தாலும் ஒரு வாரத்தில் அது நடக்காது. மூன்றாவது வாரத்தில் குறைந்த 200 கிராமைத் தோல்வி என்று நினைத்தேன். உண்மையில் மூன்று வாரத்திலும் கொழுப்பு தன் வேகத்தில் குறைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தண்ணீரின் கணக்கு மேலும் கீழும் போய் அதை மறைத்துவிட்டது.

அந்த டயட்டை விட்டு மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஷாம்பூவை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன். கடுமையாகப் பட்டினி கிடந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி உதிரும் என்பது தோல் மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது. எடை மிக வேகமாகக் குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. அது எனக்கு வராமல் போனது அதிர்ஷ்டம்.

இரண்டாவது, மூன்றாவது முயற்சிகளில் சூப் இல்லை, மற்றபடி எல்லாம் அதே முறைதான். காலையில் டீ மட்டும், மதியம் கொஞ்சமாக ஏதாவது. அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடும்போது நான் சாலட் டப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். மாலை ஆறு மணி வரை இரும்பு மாதிரி இருப்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்து இரவு பத்து மணிக்குச் சமையலறையில் விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடியே சாப்பிடுவேன். பிஸ்கட், மீந்த சோறு, மகளின் சாக்லேட், கையில் கிடைப்பது எல்லாம். தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடாததால் அது ஒரு வேளைச் சாப்பாடாக என் மனதில் பதியவே இல்லை. மறுநாள் காலையில் குற்ற உணர்வு. அதைச் சரிக்கட்ட இன்னும் குறைவாகச் சாப்பிடுவேன். அதனால் இரவுப் பசி இன்னும் கூடும். எனக்கு மன உறுதி இல்லை, நாக்கை அடக்கத் தெரியவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பின்னாளில் ஒரு பழைய ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்துச் செய்தது. உடலும் மனமும் திடமாக இருக்கிறவர்களைப் பார்த்துப் பொறுக்கி எடுத்த தொண்டர்கள் அவர்கள். 24 வாரம் அவர்களுக்குப் பாதி வயிற்றுச் சாப்பாடுதான். எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தார்கள். அதைவிட, அவர்கள் மனம் என்ன ஆனது என்பதுதான் என்னை உலுக்கியது. பேச்சு முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே ஆனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். தட்டை நக்கினார்கள். எரிச்சலும் சோர்வும் வந்தன. கட்டுப்பாடு நீங்கிய பிறகு எவ்வளவு சாப்பிட்டும் நிறைவு வராமல் சிலர் திண்டாடினார்கள். இதைப் படித்துவிட்டு நான் அழுதேன். என் குணக் கேடு என்று நினைத்திருந்தது, பட்டினி போட்டால் எந்த மனித உடலும் செய்கிற வேலை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அவர்கள் உடல் செலவழிக்கிற கலோரி நன்றாகக் குறைந்தது, ஆனாலும் எடை குறைவது நிற்கவில்லை. "பட்டினி கிடந்தா உடம்பு கொழுப்பைப் பிடிச்சு வெச்சுக்கும், அதான் உனக்குக் குறையல" என்று எனக்குப் பலர் ஆறுதல் சொன்னார்கள். அதில் பாதிதான் உண்மை. உடல் சிக்கனமாகும், ஆனால் கலோரிப் பற்றாக்குறை நிஜமாகவே தொடர்ந்து இருந்தால் எடை குறைந்தே தீரும். எனக்குக் குறையவில்லை என்றால், என் கணக்குக்கு வராமல் எங்கோ சாப்பாடு உள்ளே போகிறது என்று அர்த்தம்.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

முதல் இரண்டு நாள் நான் எழுதியதைப் பார்த்தால் எந்த மருத்துவரும் பாராட்டுவார். மூன்றாவது நாள் சமைக்கும்போது ருசி பார்த்ததையும் எழுத ஆரம்பித்தேன். உப்பு சரியா என்று இரண்டு ஸ்பூன், மகள் தட்டில் மிச்சம் வைத்த நாலு வாய், எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து கொறித்த வேர்க்கடலை. ஆலோசகர் சொன்னபடி ஒரு சின்ன சமையல் தராசு வாங்கினேன். நான் "ஒரு கைப்பிடி" என்று எழுதியிருந்த கடலையை நிறுத்துப் பார்த்தால் 60 கிராம். ஏறத்தாழ 340 கலோரி. என் மதியச் சாப்பாட்டில்கூட அவ்வளவு இல்லை. கடலை நல்ல உணவுதான், மறுக்கவில்லை. நல்ல உணவு என்பதால் எவ்வளவு சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று நான் நினைத்ததில்தான் தப்பு.

எண்ணெய்தான் பெரிய அதிர்ச்சி. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது 15 மில்லி, ஏறத்தாழ 120 கலோரி. ஆலிவ் எண்ணெய் ஆனாலும் செக்கில் ஆட்டியது ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது. நான் புட்டியைச் சாய்த்து அப்படியே ஊற்றுகிறவள். ஒரு நாள் ஊற்றியதை அளந்து பார்த்தேன், மூன்று கரண்டிக்கு மேல் வந்தது. அன்று முதல் கரண்டியில் அளந்துதான் ஊற்றுகிறேன். இந்த ஒரு பழக்கத்தால் வீட்டில் யாருக்கும் ருசி குறைந்ததாகத் தெரியவில்லை.

காலையில் குடித்த ஜூஸும், கொழுப்பு கரையும் என்று நம்பி வெந்நீரில் கலந்த இரண்டு ஸ்பூன் தேனும் இதில் சேர்த்தி. உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பழச்சாற்றிலும் தேனிலும் இருக்கிற சர்க்கரையையும் நாம் கொட்டிக் கலக்கிற சர்க்கரையோடுதான் சேர்த்து எண்ணுகிறது. முழுப் பழத்தை அப்படி எண்ணுவதில்லை. மூன்று ஆரஞ்சுப் பழத்தை உட்கார்ந்து உரித்துச் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். அதே மூன்றையும் பிழிந்தால் ஒரு நிமிடத்தில் குடித்துவிடலாம், அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். கொழுப்பு நீக்கியது என்று பெரிய எழுத்தில் போட்ட தயிர்க் கோப்பைகளைப் பற்றியும் இதைத்தான் சொல்வேன். பின்பக்க அட்டவணையில் சர்க்கரை எவ்வளவு, அவர்கள் சொல்கிற "ஒரு பரிமாறல்" எத்தனை கிராம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிறகு சனி, ஞாயிறு. வார நாளில் 1,200 கலோரிதான் சாப்பிடுகிறேன் என்று நம்பினேன். நோட்டுக் கணக்கில் அது 1,600 ஆக இருந்தது. சனி, ஞாயிறுகளில் "ஐந்து நாள் ஒழுங்காக இருந்தேனே" என்று சாப்பிட்டது நாளுக்கு 2,700. ஏழு நாளையும் கூட்டி வகுத்தால் ஒரு நாளைக்கு 1,914 வருகிறது. என் வயது, எடை, உயரத்துக்கு உடல் செலவழிப்பது நாளுக்கு 2,000 அளவில் இருக்கும் என்று ஆலோசகர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஐந்து நாள் வயிற்றைக் காயப்போட்டு, இரவில் ரகசியமாகச் சாப்பிட்டு, குற்ற உணர்வில் வெந்து, கடைசியில் நான் வந்து நின்ற இடம் இதுதான். அப்போது என் எடை 89 கிலோ.

நான் வெட்கப்பட்டதைப் பார்த்து அவர் ஒரு ஆய்வைச் சொன்னார். 1992ஆம் ஆண்டு வெளியானது. எவ்வளவு டயட் இருந்தும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களைப் பரிசோதித்தார்கள். அவர்கள் சொன்னதை விட உண்மையில் சாப்பிட்டது ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. உடலுழைப்பையும் பாதிக்கு மேல் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். "அவங்க யாரும் பொய் சொல்லலங்க. நம்ம எல்லாருடைய ஞாபகமும் அப்படித்தான் வேலை செய்யுது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் தொடர்ந்து போனேன்.

உடலுழைப்பு விஷயத்திலும் எனக்கு அதே கதைதான். தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தேன். கையில் கட்டிய கடிகாரம் 450 கலோரி என்று காட்டும். அதில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகிற கலோரியும் அடக்கம். நடையால் கூடுதலாகச் செலவானது 250, 300க்குள்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்குத்தான் நடந்தாச்சே" என்று சர்க்கரை போட்ட டீயும் நாலு பிஸ்கட்டும். நடந்தது அங்கேயே கழிந்துவிட்டது. களைப்பில் மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்தே இருந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இதயத்துக்கும் மனதுக்கும் தூக்கத்துக்கும் அது மருந்து, குறைந்த எடையைத் தக்கவைக்கவும் அது வேண்டும். ஆனால் நடையைச் சாப்பாட்டுக்கு விலையாக எண்ணுவதை நிறுத்தினால்தான் அது பலன் தரும்.

மாற்றம் எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? காலையில் சாப்பிட ஆரம்பித்ததில் இருந்து. எடை குறைய அதிகம் சாப்பிடுங்கள் என்று அவர் சொன்னபோது எனக்குப் பயமாகவே இருந்தது. எல்லோருக்கும் காலைச் சாப்பாடு கட்டாயம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தவிர்த்தும் இரவில் நிதானமாக இருக்க முடிகிறவர்கள் இருக்கிறார்கள். என்னால் முடியவில்லை. இரண்டு முட்டை, ஒரு பழம், அளவாக ரொட்டி. மதியம் தட்டில் பாதிக்குக் காய்கறி, கால் பங்கு பருப்பு, பயறு, மீன், கோழி என்று ஏதாவது புரதம், மிச்சம் கால் பங்கு சோறு. மாலை ஐந்து மணிக்குப் பசிப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் தயிரோ வேகவைத்த பயறோ. பத்தே நாளில் அந்த இரவுப் பத்து மணிப் பசி அடங்கிவிட்டது. நான் எதையும் அடக்கவில்லை, அதுவாகவே வரவில்லை. மொத்தம் பார்த்தால் நாளுக்கு 1,550 கலோரி. முன்பு 1,200 என்று நினைத்துக்கொண்டு பட்டினி கிடந்த நாட்களைவிட வயிறு நிறைவாக இருந்தது.

புரதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் சேர்ந்து போகிறது. போதிய புரதமும், தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சியும் இருந்தால் அந்த இழப்பு குறையும். வாரத்தில் இரண்டு நாள், வீட்டிலேயே, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்குவது என்று ஆரம்பித்தேன். எடை தூக்கினால் உடம்பு பெருத்துவிடும் என்ற பயத்தில் இதை நான் இத்தனை நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். முதல் இரண்டு வருடத்திலேயே செய்திருக்கலாம்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ஒரே ஆட்களை ஒரே அளவு சாப்பாட்டில் இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். எடை கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்த காலத்தில் கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே, தசை முதலிய மற்றவைதான் அதிகம் போயின. பத்துப் பேரை வைத்துச் செய்ததுதான், அதுவே முடிவு என்று எடுக்கக்கூடாது. ஆனால் சரியாகத் தூங்காத மறுநாள் நான் இனிப்பைத் தேடுவதை என் நோட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

எடை பார்க்கிற விதத்தை மாற்றியதும் பெரிய நிம்மதி. முன்பு தினமும் காலையில் அந்த எண் என் மனநிலையை முடிவு செய்யும். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் எனக்கு ஒன்றரைக் கிலோ ஏறும். முதல் நாள் உப்புக் கூடுதலாகச் சாப்பிட்டாலும் ஏறும். எல்லாம் தண்ணீர். முதல் டயட்டை நான் கைவிட்டேனே, அந்த நான்காவது வாரம், அது மாதவிடாய்க்கு முந்தைய வாரம். இப்போது வாரத்தில் நாலு நாள் பார்த்து சராசரி எடுக்கிறேன். போன வாரத்தோடு ஒப்பிடுவதில்லை, போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுகிறேன். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை டேப்பில் அளக்கிறேன். எடை நகராத ஒரு மாதத்தில் இடுப்பு 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

சோற்றை விடு, கொழுப்பை விடு, பேலியோ, கீட்டோ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 600 பேருக்கு மேல் வைத்து ஒரு வருடம் பார்த்ததில், கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் எடை இழப்பில் சொல்லும்படியான வேறுபாடு வரவில்லை. இரண்டு குழுவிலும் நிறையக் குறைந்தவர்கள் இருந்தார்கள், குறையவே இல்லாதவர்களும் இருந்தார்கள். உங்களால் எதை இரண்டு வருடம் வெறுப்பில்லாமல் தொடர முடியும் என்று யோசித்து எடுங்கள்.

நான் செய்த இன்னொரு தப்பு, மருத்துவரைப் பார்க்காமலேயே மூன்று டயட்டையும் தொடங்கியது. தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, சில மனநல மருந்துகள், ஸ்டீராய்டு மாத்திரைகள் எல்லாம் எடையைக் கூட்டக்கூடியவை. அப்படி ஏதாவது இருந்தால் உங்களை நீங்களே திட்டிக்கொண்டு பட்டினி கிடப்பதில் அர்த்தமில்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்கிறவர்கள் சட்டென்று சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு வேளையைக்கூடத் தவிர்க்கக் கூடாது. சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றுகிறது, எண்ணியெண்ணியே நாள் போகிறது என்றால் கலோரி நோட்டைத் தொடவே வேண்டாம். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

89இல் இருந்து 72 கிலோ வர எனக்கு 20 மாதம் ஆனது. முதல் ஆறு மாதத்தில் 8 கிலோ, அதன்பின் மெல்ல மெல்ல. 77இல் ஏழு வாரம் அப்படியே நின்றது. உடல் லேசாக ஆக ஆக அதற்குத் தேவைப்படுகிற கலோரியும் குறைகிறது, முன்பு பற்றாக்குறையாக இருந்த அதே சாப்பாடு இப்போது ஏறத்தாழப் போதுமானதாகிவிடுகிறது. பழைய நானாக இருந்திருந்தால் அப்போதே சாப்பாட்டைப் பாதியாக வெட்டியிருப்பேன். இந்த முறை நோட்டை எடுத்து மறுபடி ஏழு நாள் எழுதினேன். எண்ணெய்க் கரண்டி இரண்டாவது நாளிலேயே காணவில்லை, கை பழையபடி புட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தது. கடலைக் கிண்ணமும் பெரிதாகியிருந்தது. கரண்டியைத் தேடி எடுத்து எண்ணெய்ப் புட்டியின் கழுத்திலேயே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தேன். எட்டாவது வாரம் எடை நகர்ந்தது.